பிளேஓஃப் காலத்தில் உள்ளூர் ஜூனியர் ஹொக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் இருக்கிறேன். பனிக்காலம் முழுக்க ஒஷாவா ஜெனரல்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணியின் ஆட்டங்களுக்குப் போய்வருகிறவன். மார்ச் கடைசியில், சம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஓஃப் தொடங்கினால் வேலையிடத்திலும், கோவில் மண்டபத்திலும், தமிழ் வகுப்பு முடியக் காத்துநிற்கும் வாசலிலும் அதே கேள்விகள்தான் வரும். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

இது என்எச்எல்லோ? மேப்பிள் லீஃப்ஸின்ர சின்ன ரீமோ?

இரண்டும் இல்லை. என்எச்எல் வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்; மேப்பிள் லீஃப்ஸ் அதில் ரொறன்ரோவின் அணி. லீஃப்ஸின் அடுத்த நிலை அணி மார்லீஸ். அதில் விளையாடுகிறவர்கள் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரர்கள். நான் சொல்லும் ஜூனியர் ஹொக்கி 16 வயது முதல் 20 வயது வரையான பெடியளுடையது. எங்கள் பக்கத்து லீக்கின் பெயர் ஒன்ராறியோ ஹொக்கி லீக், சுருக்கமாக ஓஎச்எல். மொத்தம் 20 அணிகள். அவற்றில் 17 ஒன்ராறியோவில். மற்ற மூன்றும், ஈரி, ஃபிளின்ற், சாகினோ, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில்.

இதே தரத்தில் கனடாவில் இன்னும் இரண்டு லீக்குகள் உண்டு. மேற்குப் பக்கத்துக்கு ஒன்று, கியூபெக்கும் அத்திலாந்திக் மாகாணங்களும் சேர்ந்து ஒன்று. மூன்றுக்கும் மேலே இருக்கும் குடை அமைப்பு கனேடிய ஹொக்கி லீக். இன்று என்எச்எல்லில் நீங்கள் பெயர் சொல்லிக் கைதட்டும் பலர் இந்த மூன்றில் ஒன்றில் வளர்ந்தவர்கள்.

லீக்கில முதலாவதா வந்தா சம்பியன்தானே? பிறகெதுக்கு பிளேஓஃப்?

ஊரில் கிரிக்கெட், உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வரும் நியாயமான கேள்வி. செப்ரெம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு அணியும் 68 ஆட்டம் விளையாடும். அதில் முதலிடம் வந்தால் ஒரு விருது கிடைக்கும், ஆனால் சம்பியன் பட்டம் கிடைக்காது. அந்த 68 ஆட்டமும் பிளேஓஃப்புக்கு யார் போவது, யார் எந்த இடத்தில் நிற்பது என்பதைத் தீர்மானிக்கத்தான். லீக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். கிழக்கில் எட்டு, மேற்கில் எட்டு, ஆக 16 அணிகள் உள்ளே வரும். நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கு வெல்கிறவர் மேலே போவார். 16 வெற்றி எடுத்தவர் கையில் ஜே. றொஸ் றொபேட்சன் கிண்ணம்.

எட்டாம் இடத்தில் வந்த அணியைச் சும்மா நினைக்காதீர்கள். 2023இல் மேற்கில் முதலிடம் வின்சர். எட்டாமிடம் கிச்சனர். கிச்சனர் நாலுக்குச் சுழியம் என்று வின்சரை வெளியேற்றியது. ஆறு மாத உழைப்பு ஒரு கிழமைக்குள் கரைந்து போவதைப் பார்த்தவர்களுக்கு பிளேஓஃப் என்றால் என்னவென்று வேறு விளக்கம் தேவைப்படாது.

ஏழு மட்ச் எண்டு போட்டிருக்கினம், நாலோட முடிஞ்சுது. நான் ஆறாவதுக்கு ரிக்கற் எடுத்தனான், காசு போச்சோ?

அட்டவணையில் ஐந்து, ஆறு, ஏழாம் ஆட்டங்களுக்குப் பக்கத்தில் "தேவைப்பட்டால்" என்று குறித்திருப்பார்கள். ஒரு அணி நான்கு வென்றதும் தொடர் முடிந்தது. மிச்ச ஆட்டம் நடக்காது. நடக்காத ஆட்டத்தின் காசை வழக்கமாகத் திருப்பித் தருவார்கள். ரிக்கற் எடுக்கும்போதே அந்த விதியை ஒருதரம் வாசித்துவிடுங்கள்.

முதல் ரெண்டு மட்ச்சும் அவையின்ர ஊரில. எங்கட ஊருக்கு எப்ப வருவினம்?

வரிசையில் மேலே நிற்கும் அணிக்கு முதல் இரண்டு ஆட்டமும் சொந்த ஐஸில். மூன்றும் நான்கும் மற்ற ஊரில். பிறகு தேவைப்பட்டால் மாறி மாறி ஒவ்வொன்று. ஏழாவது ஆட்டம் வந்தால் அது மேலே நிற்கும் அணியின் ஊரில்தான் நடக்கும். 68 ஆட்டம் ஓடி உழைத்ததன் கூலி அந்த ஒரு இரவு.

இந்த ஒழுங்கு சிலவேளை குலையும். பல ஊர்களில் அரீனா நகராட்சியுடையது. அங்கே இசை நிகழ்ச்சியோ வேறு விழாவோ முன்பே பதிவாகியிருந்தால் திகதியும் இடமும் மாறும். ஆகவே போன வருட அட்டவணையை வைத்துக் கணக்குப் போடாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகப் பாருங்கள்.

மூண்டாம் இடத்தில நிக்கிற ரீமுக்கு ரெண்டாம் ஆளைவிடப் புள்ளி கூட. அச்சுப் பிழையோ?

பிழை இல்லை. கிழக்கு, மேற்கு ஒவ்வொன்றும் இரண்டு பிரிவாகப் பிரிந்திருக்கும். பிரிவில் முதலாவதாக வந்த இரண்டு அணிக்கும்தான் முதல் இரண்டு இடம். பலமான பிரிவில் இரண்டாவதாக வந்த அணி, மற்றப் பிரிவின் முதல் அணியைவிட அதிக புள்ளி எடுத்திருந்தாலும் மூன்றாம் இடத்தில்தான் நிற்கும். அநியாயமாகத் தெரியும். ஆனால் பக்கத்து ஊரை முந்த வேண்டும் என்ற வெறிக்கு லீக் கொடுக்கும் மரியாதை அது. எனக்கு இந்த விதி பிடிக்கும்.

அடுத்த சுற்றில ஆரோட மோதுறம் எண்டு இப்பவே சொல்லேலாதோ?

சொல்ல முடியாது. உலகக் கிண்ண உதைபந்தாட்டம்போலக் கோடு போட்டு நிரப்பி வைத்த வரைபடம் இதில் இல்லை. முதல் சுற்றில் ஒன்றாமிடம் எட்டாமிடத்தோடு, இரண்டாமிடம் ஏழாமிடத்தோடு என்று தொடங்கும். அது முடிந்ததும் கிழக்கிலும் மேற்கிலும் மிஞ்சிய நால்வரையும் மறுபடி வரிசைப்படுத்தி, மேலே நிற்கும் அணிக்குக் கீழே நிற்கும் அணியைக் கொடுப்பார்கள். மேலே சொன்ன 2023 கதையில், எட்டாமிடத்துக் கிச்சனருக்கு அடுத்த எதிரி இரண்டாமிடத்து லண்டன் (இங்கிலாந்து இல்லை, ஒன்ராறியோவின் லண்டன்). ஆகவே முதல் சுற்று நடக்கும்போது பக்கத்துத் தொடர்களின் முடிவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கிழக்கில் கடைசிவரை மிஞ்சிய இரண்டு அணியும் மோதி ஒன்று வரும், மேற்கிலும் அப்படியே. இருவரும் சந்திப்பதுதான் இறுதித் தொடர், வழக்கமாக மே மாதத்தில்.

டிசம்பரில பாத்தன், சமநிலை எண்டா அஞ்சு நிமிசம், பிறகு பெனல்ரி மாதிரி ஒவ்வொருத்தரா அடிச்சாங்கள். இப்ப ஏன் முடியுதில்லை?

பருவ ஆட்டத்தில் மூன்றுக்கு மூன்று பேராக ஐந்து நிமிடம், அதற்குப் பிறகு ஒவ்வொருவராக அடிப்பது. பிளேஓஃப்பில் அந்தக் குறுக்குவழி கிடையாது. ஐந்துக்கு ஐந்து பேர், முழு 20 நிமிடம். யார் முதலில் கோல் போடுகிறாரோ அத்தோடு ஆட்டம் முடிந்தது. யாரும் போடவில்லையா, ஐஸைத் துப்புரவாக்கிவிட்டு இன்னொரு 20 நிமிடம். நடுச்சாமம் தாண்டினாலும் அதே விதிதான்.

இந்த மேலதிக நேரத்தை, ஓவர்ரைமை, பற்றிச் சொல்லும்போது 2015ஐ விட்டுவிட முடியாது. கனடா முழுவதற்குமான மெமோரியல் கிண்ண இறுதி ஆட்டம், கியூபெக் நகரில். ஒஷாவாவும் கெலோனாவும். 2–1 என்று ஓவர்ரைமில் ஒஷாவா வென்றது. இரண்டு கோலும் அந்தோனி சிறெல்லி. ஓஎச்எல் அணிகள் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் ட்ராஃப்ட்டில் ஒருவரும் பெயர் சொல்லாமல் விடப்பட்ட பெடியன் அவன். பிறகு என்எச்எல்லில் தம்பா பே அணியோடு அந்த லீக்கின் சம்பியன் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணமும் எடுத்தான். பிள்ளையை எங்கேயாவது தெரிவில் விட்டுவிட்டார்கள் என்று மனமுடைந்த பெற்றோரிடம் நான் சிறெல்லியைப் பற்றித்தான் சொல்வேன்.

நாங்கள் ஸ்காபுறோவில. எந்த ரீமின்ர பக்கம் நிக்கிறது?

கிட்ட உள்ளது ஒஷாவா. பிரம்ரன், மிசிசாகா பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்ரீல்ஹெட்ஸ். அந்த அணி 2024இல் மிசிசாகாவிலிருந்து பிரம்ரனுக்கு இடம்மாறியது. வடகிழக்கே போனால் பீற்றர்பறோ பீற்ஸ், 1956 முதல் அதே ஊரில் நிற்கும் அணி, 2023 சம்பியன். பரி, ஹமில்ரன் பக்கத்து பிரான்ற்ஃபோட், கிங்ஸ்ரன் எல்லாம் ஒரு மாலைப் பயணத்துக்குள் வரும்.

நான் ஒஷாவாக்காரன், ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுதுவேன். ஜெனரல்ஸ் என்ற பெயர் படைத்தளபதிகளால் வந்ததில்லை. 1937இல் ஆதரவு கொடுத்த ஜெனரல் மோட்டர்ஸ் கார் நிறுவனத்தால் வந்தது. கார் தொழிற்சாலையில் வேலைசெய்த ஊரின் அணி அது. பின்னாளில் என்எச்எல் நட்சத்திரங்களான பொபி ஓர், எரிக் லிண்ட்றொஸ், ஜோன் தவாரெஸ் மூவரும் இந்தச் சட்டையைப் போட்டவர்கள். தவாரெஸ் 2005இல் 15 வயதுக்குள் லீக்கில் சேர விசேட அனுமதி பெற்ற முதல் பெடியன். ரெட் டில்சன் என்ற ஜெனரல்ஸ் வீரர் இரண்டாம் உலகப் போரில் 1944இல் கொல்லப்பட்டார். ஒவ்வொரு வருடமும் லீக்கின் தலைசிறந்த வீரருக்குக் கொடுக்கும் விருது அவர் பெயரில்தான்.

2024, 2025 இரண்டு வருடமும் இறுதித் தொடருக்குப் போய் இரண்டு தடவையும் லண்டனிடம் தோற்றோம். அந்த நோவு இன்னும் ஆறவில்லை. ஒரு அணியைத் தெரிவுசெய்தால் மாற்றாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

முதல்தரம் போறம். எங்க இருக்கிறது, என்னத்தக் கொண்டுபோறது?

ஜக்கெற். வெளியில் சித்திரை வெயில் அடித்தாலும் உள்ளே குளிர் முழங்காலுக்கு ஏறும். அம்மம்மாவைக் கூட்டிப்போனால் இருக்கைக்கு ஒரு மடித்த போர்வை கொண்டுபோங்கள்; இருக்கை பிளாஸ்ரிக், சில்லிடும். ஒஷாவா அரீனாவில் ஐயாயிரம் பேருக்கு மேல் இருக்கலாம், எங்கே இருந்தாலும் முகம் தெரியும். ஐஸைச் சுற்றியிருக்கும் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்து இருக்கை ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது மூலைப் பக்கம், பத்துப் பன்னிரண்டு வரிசை மேலே. அங்கிருந்து பார்த்தால் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எங்கே போகப்போகிறது என்பது அது போவதற்கு முன்னமே விளங்கத் தொடங்கும். கண்ணாடி ஓரத்தில் ஒருநாள் இருந்து பார்க்கத்தான் வேண்டும், சத்தத்துக்காக. இரண்டு பெடியள் பலகையில் மோதும்போது கண்ணாடி வளைந்து அதிர்வது உங்கள் நெஞ்சில் கேட்கும்.

விதிகளில் இரண்டு தெரிந்தால் முதல் நாளுக்குப் போதும். பக் எதிரணிப் பக்கத்து நீலக்கோட்டைத் தாண்டுவதற்கு முன் தாக்கும் அணியின் ஆள் தாண்டக்கூடாது, அது ஒஃப்சைட். தன் பாதியிலிருந்து பக்கை மறுகோடிவரை சும்மா அடித்துத் தள்ளக்கூடாது; அது ஐசிங். 20 நிமிடப் பகுதி மூன்று, நடுவில் இரண்டு இடைவேளை, எல்லாம் சேர்த்து இரண்டரை மணித்தியாலம் என்று வையுங்கள். ரிக்கற் விலை, லீஃப்ஸ் ஆட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாத அளவு குறைவு. ஒரு குடும்பமே போய்வரலாம்.

சண்டை பிடிக்கிறாங்கள் எண்டு கேள்வி. சின்னப் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு போகலாமோ?

போகலாம்; என் பிள்ளைகள் ஆறு வயதிலிருந்து வருகிறார்கள். கையுறையைக் கழற்றிச் சண்டைபிடித்தால் இங்கே ஐந்து நிமிடம் வெளியே இருக்க வேண்டும். கியூபெக் லீக்கில் 2023 முதல் சண்டை பிடித்தால் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம். பிளேஓஃப்பில் சண்டை குறைவு, ஏனென்றால் ஒரு பெனல்ரி ஒரு தொடரையே கொண்டுபோய்விடும். ஆனால் மோதல் கடுமையாகும். அடிபட்டு ஒரு பெடியன் எழும்பாமல் கிடக்கும் நேரம் அரீனா முழுக்க அமைதியாகும். அதைப் பிள்ளைக்கு என்னவென்று சொல்வது என்று நீங்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெடியளுக்குச் சம்பளமோ? படிப்பு என்னாகுது?

பெரிய சம்பளம் இல்லை, கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை. ஓஎச்எல்லில் விளையாடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஈடாகப் பின்னர் ஒரு வருட உயர்கல்விச் செலவை அணி ஏற்கும். தொழில்முறை ஒப்பந்தம் செய்தால் அந்த உரிமை மாறலாம் என்பதால் பெற்றோர் பத்திரத்தைக் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். முன்பெல்லாம் இங்கே ஒருதரம் விளையாடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு மூடிவிடும். 2025 ஓகஸ்ற் முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது. பிள்ளை ஹொக்கி விளையாடும் வீடுகளுக்கு இது பெரிய மாற்றம்.

வெளியூரிலிருந்து வரும் 16 வயதுப் பிள்ளை உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடுதான் தங்குவான். அந்தக் குடும்பத்தை பில்லெற் குடும்பம் என்பார்கள். இரவு பதினொரு மணிக்கு ஆட்டம் முடிந்து வரும் பிள்ளைக்கு சாப்பாடு சூடாக்கி வைப்பது, காலையில் பள்ளிக்கு எழுப்புவது எல்லாம் அவர்கள்தான். அரீனாவில் பெற்றோர் பகுதியில் அவர்களையும் பார்க்கலாம். சொந்தப் பிள்ளைக்குப்போலவே கத்துவார்கள்.

இவன் என்எச்எல் ட்ராஃப்ட்டில எடுபட்டவனாம். பிறகேன் இஞ்ச விளையாடுறான்?

என்எச்எல் அணி 18 வயதில் பெயர் சொல்லி உரிமையை எடுக்கும். எடுத்த உடனேயே அங்கே நிற்குமளவு உடம்பு பலருக்கு வந்திருக்காது. அங்கே இடமில்லையென்றால் 18, 19 வயதில் வழக்கமாக ஜூனியர் அணிக்கே திருப்பி அனுப்புவார்கள். அதனால்தான் நாளைய நட்சத்திரத்தை இருபதடி தூரத்தில் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கிறது.

ஜூனியர் அணி தோற்ற மறுகிழமையே சிலர் தொழில்முறை அணிக்குப் பறந்துவிடுவார்கள். பிடித்த பெடியனை ஐஸில் பார்க்க நினைத்தால் "அடுத்த சுற்றுக்குப் போவம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

நத்தாருக்கு முன்னம் பார்த்த பெடியன் இப்ப எதிர் ரீமில நிக்கிறான். என்ன நடந்தது?

அணிகள் வீரர்களைத் தங்களுக்குள் கைமாற்றும் ட்ரேட் காலம் ஜனவரித் தொடக்கத்தில் முடியும். அதற்குள், இந்த வருடம் வெல்லலாம் என்று நம்பும் அணிகள் 19, 20 வயதுக்காரரை வாங்கும். விற்கும் அணி வருங்கால ட்ராஃப்ட் தெரிவுகளையும் சின்னப் பெடியளையும் எடுத்துக்கொள்ளும். 20 வயதுக்காரர் ஒரு அணியில் மூவருக்கு மேல் நிற்க முடியாது. ஆகவே ஒவ்வொரு அணியும் இரண்டு மூன்று வருடம் ஏறும், பிறகு இறங்கும். இறங்கும் வருடத்தில் பார்க்கத் தொடங்கினால் இன்னும் நல்லது. 16 வயதில் தடுமாறியவன் 19இல் அணித்தலைவனாக நிற்பதைக் காண்பீர்கள்.

அண்ணை, லண்டனிட்டத் தோத்த சாகினோ எப்பிடி லண்டனையே அடிச்சு மெமோரியல் கப் எடுத்தது? ஒண்டும் விளங்கேல்லை.

எல்லாரையும் குழப்புவது இதுதான். மெமோரியல் கிண்ணம் ஓஎச்எல் கிண்ணத்துக்கு மேலே உள்ளது. முதலாம் உலகப் போரில் இறந்த கனேடியப் படையினரின் நினைவாக 1919இல் தொடங்கியது. 2010இல் நாட்டுக்காக உயிர்விட்ட எல்லாப் படையினருக்குமாக அர்ப்பணித்தார்கள். மே கடைசியில் நான்கு அணிகள் ஒரே ஊரில் கூடும். மூன்று லீக் சம்பியன்கள், நான்காவது போட்டியை நடத்தும் ஊரின் அணி. இந்த நான்காவது இடம் 1983இலிருந்து உண்டு. நடத்தும் அணி தன் லீக்கில் எப்போது தோற்றாலும் இங்கே இடம் உறுதி.

2024இல் நடத்தியது சாகினோ. மேற்கின் இறுதியில் லண்டனிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றது. லண்டன் ஓஎச்எல் சம்பியனாக வந்தது. மெமோரியல் இறுதியில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். கடைசி நிமிடத்துக் கோலால் சாகினோ 4–3. இதற்கு முன்பும் நடந்திருக்கிறது: 2012இல் போட்டியை நடத்திய ஷாவினிகன் தன் லீக்கில் இரண்டாம் சுற்றிலேயே தோற்று, கிழமைக்கணக்கில் வெறும் பயிற்சி செய்துகொண்டு காத்திருந்து, கடைசியில் ஓவர்ரைமில் லண்டனையே வென்றது. லண்டன் 2025இல் ரிமூஸ்கி நகரில் மெடிசின் ஹற் அணியை 4–1 என்று வென்று தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

இங்கே ஏழு ஆட்டத் தொடர் இல்லை. ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஒருதரம் மோதுவார்கள். முதலிடம் நேரே இறுதிக்கு. இரண்டும் மூன்றும் அரையிறுதியில். ஒரு கெட்ட இரவு போதும் எல்லாம் போக.

எங்கட ரீம் வெளியேறிட்டுது. இனி ஒண்டும் இல்லையோ?

இருக்கிறது. ஒரு படி கீழே ஜூனியர் ஏ. மார்க்கத்திலும் பிக்கறிங்கிலும் அணிகள் உண்டு. அவர்களின் லீக் கிண்ணத்தின் பெயர் பக்லண்ட், அதைத் தாண்டினால் தேசிய அளவில் சென்ரெனியல் கிண்ணம். 2024இல் அதை எடுத்தது கொலிங்வூட், சின்ன ஊர் ஒன்றின் அணி. அரீனா சிறிது, சில நூறு பேர்தான் இருப்பார்கள், பயிற்சியாளர் சொல்வதுகூடக் காதில் விழும். ஹொக்கி பழகும் பிள்ளைக்கு இதைக் காட்டுவதுதான் எனக்கு இன்னும் விருப்பம்.

தோத்தா உடன வெளிக்கிடலாம்தானே? கார்த் தரிப்பிடத்தில நெரிசல்.

தயவுசெய்து நில்லுங்கள். தொடர் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் கைகுலுக்கும். இரண்டு கிழமையாக ஒருவரை ஒருவர் பலகையில் இடித்தவர்கள், காதோடு ஏதோ சொல்லித் தோளில் தட்டிப் போவார்கள். மேலே சொன்ன 20 வயதுக்காரர் மூவருக்கும் அது ஜூனியரில் கடைசி இரவு. அடுத்த வருடம் வயது போய்விடும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பிளேஓஃப் முழுக்க நின்றது, அடுத்த பருவம் நடக்கவே இல்லை. அந்த வருடத்துப் பெடியளுக்கு இந்தக் கைகுலுக்கலும் கிடைக்கவில்லை.

ஒரு வருடம், எல்லாரும் உள்ளே போன பிறகும் ஒரு பெடியன் மட்டும் கோல் வலைக்கு முன்னால் நின்றான். முழங்காலில் இருந்து, கையுறையைக் கழற்றி, வெறுங்கையை ஐஸில் வைத்தான். மூலை வாசலில் ஐஸ் துப்புரவாக்கும் ஸம்போனி வண்டி வெளிக்கிடத் தயாராக நின்றது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். அவன் எழும்பி உள்ளே போகும்வரை அவர் வண்டியை எடுக்கவில்லை.